கேமராவோடு ஒரு நடை... காலுக்கும் மனசுக்கும் நல்லது!

"தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று டாக்டர் சொன்னதும் நன்றாகத் தலையாட்டிவிட்டு வருகிறோம். முதல் வாரம் புது ஷூவோடு ஒரே உற்சாகம். இரண்டாவது வாரம், "மழை வர்ற மாதிரி இருக்கே..." மூன்றாவது வாரம் ஷூ பரணுக்குப் போய்விடுகிறது. உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர். ஓய்வு பெற்றவர். 12 வருஷமாகச் சர்க்கரை. அவரும் இப்படித்தான் இருந்தார். மகள் செல்போன் வாங்கிக் கொடுத்தார். ஒருநாள் ஊருணிக் கரையில் பூத்திருந்த அல்லியைப் படம் எடுக்கப் போனவர், கரையை முழுசாகச் சுற்றி வந்துவிட்டார். இப்போது மாதம் இரண்டு ஞாயிறு, பக்கத்து ஊர்களுக்குக் கிளம்பிவிடுகிறார். "நடக்கப் போறேன்னு நெனச்சா கால் வலிக்குது. படம் எடுக்கப் போறேன்னு நெனச்சா வலியே தெரியல" என்கிறார்.

ஆனால், "வலியே தெரியல" என்ற அந்த வார்த்தையிலேயே ஓர் ஆபத்தும் இருந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கே போகலாம்?

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. அரை மணி நேரப் பயணத்துக்குள் ஆயிரம் வருஷச் சரித்திரம் இருக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். ஒரு நாளைக்கு ஓர் ஊர் போதும்.

கானாடுகாத்தான், ஆத்தங்குடி: அகலத் தெருக்கள், ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும் வீடுகள். 2014-ல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆத்தங்குடிக் கல் செய்வதையும் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் தரையில் பளபளப்பாக வருகிறது.

குன்றக்குடி, பிள்ளையார்பட்டி: இரண்டுமே குடைவரைக் கோவில்கள் உள்ள இடங்கள். குன்றக்குடியில் முருகனைப் பார்க்கப் படியேற வேண்டும். மூட்டு வலிக்காரர்கள் அடிவாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கீழே இருக்கும் குடைவரைகளும் பார்க்க வேண்டியவையே.

திருமயம்: 1687-ல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை. பாறையின் உச்சியில் பீரங்கி, காற்று, சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை வெட்டவெளி. இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது.

பூவுக்கும் நேரம் உண்டு

பூவைப் படம் எடுக்கிறவர்களுக்கு அதிகாலையில் எழும் பழக்கம் தானாக வந்துவிடும். அல்லி ராத்திரியில் விரிந்து, வெயில் ஏறியதும் கூம்பிவிடும். தாமரை காலையில் விரியும். பூவரசம் பூ காலையில் மஞ்சள், வாட வாடச் சிவப்பு. ஒரே பூவைக் காலையிலும் மாலையிலும் எடுத்துப் பாருங்கள், பேரப் பிள்ளைகளுக்கு ஒரு பாடமே நடத்தலாம். சித்திரை, வைகாசியில் சரக்கொன்றை. ஐப்பசி, கார்த்திகையில் வேலியோரம் செங்காந்தள். ஆவாரை சாலையோரத்துச் சொந்தக்காரி.

ஒரு எச்சரிக்கை. செங்காந்தளும் அரளியும் விஷச் செடிகள். குறிப்பாகக் காந்தள் கிழங்கு உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் பறித்து வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்துக்குப் பூவைப் பறிக்கவே வேண்டாமே!

படம் நன்றாக வர...

* காலை 9 மணிக்குள், மாலை 4 மணிக்கு மேல் எடுங்கள். பக்கவாட்டில் விழும் வெயிலில்தான் கல் சிற்பத்தின் மேடு பள்ளம் தெரியும்.
* பூவின் உயரத்துக்குக் கேமராவை இறக்குங்கள். பின்னால் நிழல் இருந்தால் பூ தனியாக எடுப்பாகத் தெரியும்.
* வீட்டுக்குள் ஃபிளாஷ் வேண்டாம். வளவில் முற்றத்து வெளிச்சமே போதும்.
* பூட்டிய வீடானாலும் சொந்தக்காரர் உண்டு. "அண்ணே, முகப்பை மட்டும் ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று காவல்காரரைக் கேளுங்கள். திண்ணையில் ஆச்சி உட்கார்ந்திருந்தால், முதலில் அவங்களோடு பேச்சு, பிறகுதான் படம்.
* தமிழகக் கோவில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோபுரத்தையும் குளத்தையும் வெளியிலிருந்து எடுங்கள். உள்ளே கண்ணால் பார்த்து மனசில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாபக சக்திக்கு நல்லதா?

எப்படி எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது! லிண்டா ஹென்கல் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியை அருங்காட்சியகம் ஒன்றில் நடத்திய ஆய்வு 2014-ல் வெளியானது. பொருள்களை முழுசாகப் படம் எடுத்தவர்களுக்கு, வெறுமனே பார்த்த பொருள்களை விட எடுத்தவை குறைவாகவே ஞாபகம் இருந்தன. 'கேமரா பார்த்துக்கொள்ளும்' என்று மனசு விட்டுவிடுகிறது. ஆனால், ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தபோது இந்தக் குறை இல்லை. ஆகவே நூறு படம் வேண்டாம். முதலில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். பிறகு, நிலைக்கதவில் ஒரு யாளி, தூணில் ஒரு பூ என்று பத்துப் படம் எடுங்கள்.

இன்னொன்று. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. நின்று நின்று படம் எடுக்கும் நடையால் மட்டும் அந்தக் கணக்கு தீராது. மற்ற நாட்களில் கொஞ்சம் வேகமாக நடக்கத்தான் வேண்டும். அதற்கு ஆசையைத் தூண்டிவிடுவதுதான் இந்தப் பயணம்.

அந்த ஆசிரியருக்கு என்ன ஆச்சு?

ஒரு சித்திரை மத்தியானம். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோவில் வெளிப்பிராகாரத்தை நிதானமாகச் சுற்றியிருக்கிறார். கல் அனலாய்க் கொதித்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. ராத்திரி காலைப் பார்த்த அவர் மனைவிதான், "என்னங்க இது!" என்று பதறினார். உள்ளங்காலில் பெரிய கொப்புளம். மூன்று வாரம் கட்டுப் போட்டார்கள். "நல்லவேளை, மறுநாளே வந்தீங்க" என்றார் டாக்டர்.

பல வருஷம் சர்க்கரை இருந்தால் கால் நரம்புகள் மரத்துப் போகலாம். சூடு தெரியாது, முள் தெரியாது. புண் முற்றினால் விரலையே இழக்க நேரிடும். ஆகவே:

* வெறுங்காலோடு போக வேண்டிய இடங்களை வெயிலுக்கு முன்பே முடித்துவிடுங்கள். தடித்த பருத்திக் காலுறை அணிய அனுமதி உண்டா என்று கேளுங்கள்.
* வீடு திரும்பியதும் உள்ளங்காலை, விரல் இடுக்கைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், கை வைத்தியமும் வேண்டாம். டாக்டரிடம் போங்கள்.
* காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதீர்கள். நடுக்கம், வேர்வை வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள்.
* பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குனிந்து படம் எடுத்துவிட்டுச் சட்டென்று எழக் கூடாது, தலை சுற்றும். மெதுவாக எழுங்கள். மடக்கு முக்காலி ஒன்று கையில் இருந்தால் முட்டிக்கும் நல்லது.

ஆசிரியர் பயணத்தை விடவில்லை. நேரத்தைத்தான் மாற்றிக்கொண்டார். இப்போது காலை 6 மணிக்குக் கிளம்பி, 10 மணிக்கு வீட்டில் ஆஜர். மனைவியும் கூடப் போகிறார். முதல் படம் பூ. வீட்டுக்கு வந்ததும் கடைசிப் படம், அவரது இரண்டு உள்ளங்கால்கள்!

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஆரம்பியுங்களேன்.