உடன்பிறந்த காவலர்

கோட்டையின் வலிமை மதிலின் உயரத்தில் மட்டும் இல்லை; உறங்காத காவலரிடத்தும் உள்ளது. நம் உடலும் அத்தகைய கோட்டையே. கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் எண்ணிறந்தன நம்மைச் சூழ்ந்துள்ளன. அவற்றுட் சில நம் உடலிலேயே குடியிருக்கின்றன. காண்டிடா என்னும் பூஞ்சை அவற்றுள் ஒன்று. நலமுற்றோர் பலருடைய வாயிலும் குடலிலும் அது தீங்கின்றி வாழ்கின்றது. அதுவே சிலருடைய சிறுநீர்ப் பாதையிற் புகுந்து பெருகி, நோய் விளைப்பது ஏன்?

இத்தகைய வினாக்களுக்கு வழிகாட்டியவர் உருசியப் பேரரசிற் பிறந்த மெச்னிக்காவ் என்னும் அறிஞர். அவர் நீர்த்தெள்ளு என்னும் சிற்றுயிரை உருப்பெருக்கியின் வழியே ஆராய்ந்து, தாம் கண்டவற்றை 1884-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஊசி போன்ற பூஞ்சை வித்துகள் அதன் குடற்சுவரைத் துளைத்து உட்புகுந்தன. அதன் உயிரணுக்கள் விரைந்து சூழ்ந்து அவற்றை விழுங்கின. அணுக்கள் வென்றவிடத்து நீர்த்தெள்ளு பிழைத்தது. பூஞ்சை வென்றவிடத்து அது மடிந்தது. மெச்னிக்காவுக்கு 1908-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது.

நம் குருதியிலும் விழுங்கும் வெள்ளணுக்கள் உள்ளன. அவை பகையை அறிவது எங்ஙனம்? அதற்குத் துணை நிற்பவை சில புரதங்கள். குருதியிலுள்ள நிரப்புப் புரதங்கள் பூஞ்சையின்மேற் படிந்து, 'இது பகை' என அடையாளமிடுகின்றன. டெக்டின்-1 என்னும் புரதம் வெள்ளணுவின் மேற்புறத்தில் நின்று, பூஞ்சையின் சுவரைத் தொட்டறிகின்றது. எவரும் பயிற்றாமலே இவை பிறப்பிலேயே அமைந்தவை. டெக்டின்-1 பழுதுற்ற ஒரு குடும்பத்தார் சிலர் பூஞ்சை நோயால் மீண்டும் மீண்டும் வருந்தியமை 2009-ஆம் ஆண்டில் அறியப்பட்டது.

சிறுநீர்ப் பாதைக்கும் தனிக்காவல் உண்டு. பெருகிவரும் சிறுநீரே கிருமிகளை அலசிச் செல்கின்றது. சிறுநீரகம் சுரக்கும் யூரோமோடுலின் என்னும் புரதம் சிலவகைப் பாக்டீரியாக்களைப் பற்றிக்கொள்ள, அவையும் நீரோடு வெளியேறுகின்றன. இப்புரதத்தை 1950-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் பிரித்துக் காட்டியவர்கள் தாம், ஆர்சுபால் என்னும் இருவர்.

இக்காவல் தளரும்போதே காண்டிடா தலையெடுக்கின்றது. நோயுற்றோர்க்குச் சிறுநீர் வடியச் செருகிய குழாய் நெடுநாள் இருப்பின், பூஞ்சை அதனைப் பற்றிப் படர்கின்றது. நீரிழிவு வெள்ளணுக்களின் ஆற்றலைக் குறைக்கின்றது. பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்துகளை அளவின்றி உண்டால், பூஞ்சையை அடக்கி வைத்திருந்த நல்ல பாக்டீரியாக்களும் மடிகின்றன; வெற்றிடத்தைப் பூஞ்சை கைக்கொள்கின்றது.

ஆதலின், மாணவர்களே, இந்நோயுற்றாரைத் தூய்மையற்றவர் என்று இகழாதீர்கள். அவர்தம் காவலர் தளர்ந்தமைக்கு அவர் பொறுப்பாளர் ஆகார். தாகமுற்றபோது நீர் பருகுங்கள், சிறுநீரை அடக்காதீர்கள், மருத்துவர் கூறாத மருந்தை உண்ணாதீர்கள். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் தோன்றின் நாணி மறைக்காது பெற்றோரிடம் கூறுங்கள். நம்மைக் காக்கும் காவலரை நாமும் காத்தல் கடனன்றோ?