எண்கட்ட விளையாட்டும் எண்ணறிவும்

தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பிலே ஒன்று முதல் இருபது வரை தடையின்றி ஒப்பிக்கும் குழந்தைகள் பலர் உளர். அவர்களுள் ஒரு குழந்தையை அழைத்து, "ஆறு பெரிதா, எட்டுப் பெரிதா?" என வினவினால், விடை கூறாது விழிப்பதும், இரண்டில் ஒன்றை ஊகித்துச் சொல்வதும் உண்டு. எண்களின் பெயர்களை வரிசையாக அறிவது வேறு. ஒவ்வோர் எண்ணும் எவ்வளவு என்று உணர்வது வேறு. முன்னது பாட்டுப் போல் நாவில் பதிவது. பின்னது மனத்தில் அளவாக நிற்பது. இவ்வேற்றுமையை ஆசிரியர் கவனியாது விட்டால், அடுத்து வரும் கூட்டலும் கழித்தலும் அக்குழந்தைக்குப் பொருளற்ற சடங்குகள் ஆகிவிடும். பாடம் முன்னே செல்லச் செல்லக் குழந்தை பின்னே தங்கிவிடும்.

இக்குறையைப் போக்குதற்கு எளிய சாதனம் ஒன்று உண்டு. அதுவே எண்கட்ட விளையாட்டு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 2022இல் வெளியிடப்பெற்ற அடித்தள நிலைப் பாடத்திட்டச் சட்டகமும் இளங்குழந்தைகளின் கல்வி விளையாட்டின் வாயிலாக அமைதல் வேண்டுமென வற்புறுத்துகின்றன. ஆயினும், எவ்விளையாட்டு, எவ்வாறு ஆடப்பெற்றால், எதைக் கற்பிக்கும் என்னும் வினாவிற்கு விடை காணாமல் விளையாட்டை வகுப்பறைக்குள் கொணர்வதால் பயனில்லை. அவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. விளையாட்டின் உறுப்புகள்

எந்த விளையாட்டிலும் சில பொது உறுப்புகளைக் காணலாம். அடைய வேண்டிய இலக்கு ஒன்று. யாவரும் ஒப்புக்கொண்ட விதிகள். முறை வைத்து ஆடுதல். செய்த செயலின் பயன் உடனே கண்ணிற்குத் தெரிதல். பல விளையாட்டுகளில் தற்செயலின் பங்கு. இறுதியில் வெற்றியும் தோல்வியும். இவற்றுள் குழந்தையை ஈர்ப்பவை எல்லாம் பாடத்தைக் கற்பிப்பவை ஆகா. வண்ணங்களும் கைதட்டலும் ஆர்வத்தை எழுப்பும். ஆனால், எண்ணறிவை அவை தாமாகவே தாரா. ஆட்டத்தில் குழந்தை மேற்கொள்ளும் செயலே கற்க வேண்டிய பொருளாகவும் இருத்தல் வேண்டும். இதனை ஆராய்ச்சி வாயிலாகக் காண்போம்.

2. ஆராய்ச்சி காட்டுவது

அமெரிக்க நாட்டில் ராபர்ட் சீக்லர், கீதா ராமானி என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், வறிய குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு முதல் ஐந்து வயதான குழந்தைகளைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகளின் முடிவுகளை 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நேர்க்கோட்டில் அமைந்த பத்துக் கட்டங்களில் 1 முதல் 10 வரை எண்கள் எழுதப்பெற்றிருந்தன. சுழலும் முள் காட்டியவாறு குழந்தை ஒரு கட்டமோ இரு கட்டமோ காயை நகர்த்தி, தான் கடக்கும் எண்களை வாய்விட்டுச் சொல்லிற்று. மற்றொரு குழுவினர் இதே ஆட்டத்தை எண்களின்றி வண்ணக் கட்டங்களில் ஆடினர். ஒரு முறைக்குப் பதினைந்து நிமிடமாக, இரண்டு வார காலத்தில் நான்கு முறையே ஆட்டம் நடைபெற்றது. எண்கட்டங்களில் ஆடியவர்கள் எண்களின் அளவை ஒப்பிடுதல், எண்ணுதல், எழுத்தாக எழுதிய எண்ணை அடையாளம் காணுதல் ஆகியவற்றில் முன்னேறினர். ஒன்பது வாரங்கள் கழிந்த பின்னும் அம்முன்னேற்றம் நிலைத்திருந்தது. வண்ணக் கட்டங்களில் ஆடியவர்களிடம் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை.

இதன் காரணத்தை எளிதில் விளக்கலாம். எட்டாம் கட்டத்தை அடைந்த குழந்தை, நான்காம் கட்டத்தை அடைந்த குழந்தையைவிட இரு மடங்கு தொலைவு காயை நகர்த்தியிருக்கின்றது. இரு மடங்கு எண்பெயர்களை உச்சரித்திருக்கின்றது. ஏறத்தாழ இரு மடங்கு நேரமும் செலவிட்டிருக்கின்றது. கண், கை, நா ஆகிய மூன்றும் ஒரே செய்தியைக் கூறுகின்றன. எண் பெரிதாயின் தொலைவும் பெரிது என்பதே அச்செய்தி.

கட்டங்களின் அமைப்பும் முக்கியமானது. வட்டமாக அமைந்த பலகையைவிட நேர்க்கோட்டுப் பலகையே மிகுந்த பயன் தந்ததாக 2009இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. எண்ணும் முறையும் அத்தகையதே. நூறு வரையுள்ள பலகையைக் கொண்டு எலிடா லாஸ்கி, சீக்லர் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நின்ற கட்டத்தின் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணியவர்களே மிகுதியாகக் கற்றனர். ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து தொடங்கி எண்ணியவர்கள் அந்த அளவு கற்கவில்லை. பலகை ஒன்றே, ஆட்டமும் ஒன்றே. வாய்ச்சொல் மாறியதால் பயனும் மாறியது.

3. பலகை செய்யும் முறை

இவ்விளையாட்டிற்கு விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் எதுவும் இல்லை. ஓர் அட்டையிலோ, தரையில் சுண்ணக்கட்டியாலோ, சம அளவுள்ள பத்துக் கட்டங்களை இடமிருந்து வலமாக வரைக. கட்டங்கள் சமமாக இல்லாவிடின் எண்ணிற்கும் தொலைவிற்கும் உள்ள தொடர்பு கெடும் என்பதை மறத்தலாகாது. ஒவ்வொரு கட்டத்திலும் 1 முதல் 10 வரை எண்களைப் பெரிதாக எழுதுக. பொத்தான், கூழாங்கல், சோளமணி முதலியவற்றைக் காய்களாகக் கொள்க.

பகடைக்குப் பதிலாகப் புளியங்கொட்டை ஒன்றை எடுத்து, அதன் ஒரு பக்கத்தைக் கரடான கல்லின்மேல் தேய்த்து வெண்மையாக்குக. உருட்டிய பின் வெள்ளைப் பக்கம் மேலே இருப்பின் ஒன்று. கரும்பக்கம் மேலே இருப்பின் இரண்டு. தொடக்க நிலையில் இவ்விரு எண்களே போதும். மிகச் சிறு குழந்தைகள் கொட்டையை வாயிலும் மூக்கிலும் இட்டுக்கொள்ளக்கூடுமாதலால், அங்கன்வாடிகளில் பெரிய அட்டைத் துண்டைப் பயன்படுத்துதல் நலம்.

குழந்தைகள் பத்தில் தேர்ந்த பின் நூறு கட்டப் பலகைக்குச் செல்லலாம். நம் நாட்டில் பிறந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திற்கும் சென்று பரவிய பரமபத ஆட்டத்தின் பலகையை யாவரும் அறிவர். அதன் கட்டங்கள் ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகவும், அடுத்த வரிசையில் வலமிருந்து இடமாகவும் செல்வன. ஆகவே, அடியிலிருந்து எண்ணும் பலகையில் 10இன் நேர்மேலே 11 அமைகின்றது. வகுப்பறைக்கான பலகையில் எல்லா வரிசைகளையும் இடமிருந்து வலமாகவே எழுதினால், 3இன் மேல் 13, அதன் மேல் 23 என வந்து, ஒரு வரிசை ஏறுவது பத்தைக் கூட்டுவதாகும் என்பது கண்ணாலேயே விளங்கும்.

4. பாடம் நடத்தும் முறை

பலகைக்கு இரு குழந்தைகள் வீதம் அமர்த்துக. நாற்பது பேர் கொண்ட வகுப்பாயின் இருபது பலகைகள் வேண்டும். தரையில் வரைந்தால் இது கடினமன்று. இரண்டு மூன்று வகுப்புகளை ஒருவரே கவனிக்க நேரும் பள்ளிகளில், மேல்வகுப்பு மாணாக்கர் சிலரை நடுவராக நியமிக்கலாம்.

முதலில் ஆசிரியர் ஒரு குழந்தையுடன் ஆடிக் காட்டுதல் வேண்டும். காய் 3இல் நிற்க, இரண்டு விழுந்தால், "நான்கு, ஐந்து" என்று சொல்லிக்கொண்டே நகர்த்துக; "ஒன்று, இரண்டு" என்று சொல்லலாகாது. குழந்தை தவறினால் ஆட்டத்தை நிறுத்திக் கடிந்துகொள்ள வேண்டா. காயைப் பழைய கட்டத்தில் வைத்து, "இப்பொழுது எதில் நிற்கிறாய்? அடுத்தது எது?" என்று கேட்டால் போதும். ஆட்டத்தின் இடையே, "உன் காய் எங்கே, அவன் காய் எங்கே? யார் முன்னே? எத்தனை கட்டம் முன்னே?" என வினவுக. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இவ்வினாக்களே வித்தாகும்.

இவ்வாட்டத்தில் தற்செயலுக்கு இடம் இருப்பது குறையன்று, அது நன்மையே. விரைவாக விடை கூறுபவர் வெல்லும் போட்டிகளில் வெல்பவர் எப்பொழுதும் ஒரு சிலரே. கொட்டை உருளும் ஆட்டத்தில் கணக்கில் மெலிந்த குழந்தையும் வெல்லக்கூடும். அன்றியும், தவறியவரை வெளியேற்றும் ஆட்டங்களில், எவருக்குப் பயிற்சி மிகுதியாகத் தேவையோ அவரே முதலில் வெளியேறி வேடிக்கை பார்க்க நேரிடுகின்றது. வகுப்பறையில் அத்தகைய ஆட்டங்களைத் தவிர்த்தல் வேண்டும்.

5. ஆட்டத்திலிருந்து பலகைக்கணக்கிற்கு

இங்கு எச்சரிக்கை ஒன்று தேவைப்படுகின்றது. தில்லி மாநகரில் 214 முன்பருவப் பள்ளிகளைச் சார்ந்த 1,540 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பெற்ற பெரிய சோதனையின் முடிவு 2017ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நான்கு மாத காலம் குழந்தைகள் எண்ணையும் வடிவத்தையும் பற்றிய விளையாட்டுகளை ஆடினர். குறியீடுகளின்றி அளவுகளை ஒப்பிடும் இயல்பறிவு அவர்களிடம் வளர்ந்தது. அவ்வளர்ச்சி நெடுநாள் நிலைத்தது. ஆயினும், பின்னர்த் தொடக்கப் பள்ளியில் சேர்ந்து கணிதத்தின் சொற்களையும் குறியீடுகளையும் கற்றபோது, பிற குழந்தைகளைவிட அவர்கள் மேம்பட்டு விளங்கவில்லை.

இம்முடிவு விளையாட்டு வீண் என்று கூறுவதன்று. விளையாட்டில் பெற்ற அறிவு தானாகவே எழுத்துக்கணக்கிற்கு வந்து சேராது. அதனைக் கொண்டு சேர்க்க ஆசிரியர் பாலம் அமைத்தல் வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடமாகும். அதற்கு நாம் கூறும் வழி இது: ஆட்டம் பழகிய பின், ஒவ்வொரு நகர்வையும் குழந்தை தன் பலகையில் எழுதட்டும். 3இல் நின்று இரண்டு பெற்று 5ஐ அடைந்தால், 3 + 2 = 5 என எழுதுக. முடிவில் அக்கணக்குகளை ஆட்டமின்றிப் படித்துக் காட்டச் செய்க. பின்னர், எண்கட்டத்தை மறைத்துவிட்டு, அதே கணக்குகளைக் கேட்க. ஆட்டத்திற்குப் பதினைந்து நிமிடம் எனின், எழுதுவதற்கும் உரையாடுவதற்கும் அதே அளவு நேரம் ஒதுக்குதல் தகும்.

6. பரிசு பற்றி

விளையாட்டு என்றவுடன் நட்சத்திரம், மதிப்பெண், தரவரிசைப் பட்டியல் ஆகியவற்றை நினைப்போர் பலர். இவற்றை அளவறிந்து கையாள வேண்டும். 1973இல் மார்க் லெப்பர் என்பவரும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், விருப்பத்தோடு படம் வரையும் இளங்குழந்தைகளுள் ஒரு பகுதியினருக்குப் படம் வரைந்தால் பரிசுச் சான்று தரப்படும் என முன்கூட்டியே கூறி, அவ்வாறே தரப்பட்டது. சில நாள் கழித்துப் பார்க்கையில், அவர்கள் தாமே விரும்பிப் படம் வரைந்த நேரம், பரிசு பெறாதவர்களின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியாகவே இருந்தது. எதிர்பாராது பரிசு பெற்றவர்களிடம் இக்குறைவு காணப்படவில்லை. விரும்பிச் செய்யும் செயலைக் கூலிக்குச் செய்யும் செயலாக மாற்றிவிடலாகாது என்பது இதன் கருத்து. எண்கட்ட ஆட்டத்தில் இலக்கை அடைவதே பரிசு. வேறு பரிசு வேண்டா.

முன்னேற்றத்தைக் குழந்தை தானே காணும்படி செய்தல் வேறு. ஆந்திர மாநிலத்தின் ரிஷி பள்ளத்தாக்குக் கல்வி மையம் உருவாக்கிய கற்றல் ஏணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒவ்வொரு குழந்தையும் அட்டைகளைக் கொண்டு தன் போக்கில் படிப்படியாக ஏறும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, பின்னர்த் தமிழ்நாடெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறைக்கு அதுவே முன்மாதிரியாயிற்று. அங்கு குழந்தை பிறரோடு அன்றித் தன் நேற்றைய நிலையோடு போட்டியிடுகின்றது.

7. பயனை அளக்கும் முறை

களப் பணியாளரும் ஆசிரியரும் விளையாட்டின் பயனைக் குழந்தைகளின் ஆரவாரத்தைக் கொண்டு மதிப்பிடலாகாது. எளிய சோதனை ஒன்று உண்டு. 20 சென்டிமீட்டர் நீளமுள்ள கோடு வரைந்து, இடக் கோடியில் 0 எனவும், வலக் கோடியில் 10 எனவும் எழுதுக. இடையில் எவ்வகைக் குறியும் இருத்தலாகாது. "ஏழு எங்கே வரும்?" என்று கேட்டு, குழந்தையைக் குறியிடச் செய்க. ஏழின் சரியான இடம் இடக் கோடியிலிருந்து 14 சென்டிமீட்டர். குழந்தை 10 சென்டிமீட்டரில் குறியிட்டால் பிழை 4 சென்டிமீட்டர், அதாவது இரண்டு எண். இவ்வாறே 2, 4, 9 ஆகியவற்றையும் தனித்தனிக் கோடுகளில் கேட்டுப் பிழைகளைக் குறித்து வைக்க. இரண்டு வார ஆட்டத்திற்குப் பின் இதே சோதனையை மீண்டும் செய்து ஒப்பிடுக. பிழை குறைந்திருந்தால் ஆட்டம் பயன் தந்ததற்கு அஃது ஓர் அறிகுறி. குறையாதிருந்தால் குழந்தையைக் குறை கூறாது, கட்டங்கள் சமமாக உள்ளனவா, நின்ற எண்ணிலிருந்து எண்ணுகின்றதா, ஒவ்வொரு குழந்தைக்கும் போதிய முறை கிடைத்ததா என ஆராய்க.

ஓர் அட்டையும், ஒரு புளியங்கொட்டையும், இரு கூழாங்கற்களும் எந்தச் சிற்றூர்ப் பள்ளியிலும் கிட்டும். அவற்றோடு ஆசிரியரின் விழிப்பான செவி சேர்ந்தால், ஆறு பெரிதா, எட்டுப் பெரிதா என்ற வினாவிற்குத் திகைத்து நின்ற குழந்தை, தன் காய் கடந்து வந்த தொலைவை நினைந்து, ஐயமின்றி விடை கூறும்.