கடைசி வாங்குப் பிள்ளைகள்

அன்புள்ள மகள்,

உப்புவெளியில் தரம் 2 வகுப்பை உன்னிடம் தந்திருப்பதாக எழுதியிருந்தாய். கடைசி வாங்கில் இருக்கும் மூன்று பிள்ளைகளுக்கு இன்னும் வாசிப்பு வரவில்லை, என்ன செய்வதென்றும் கேட்டிருந்தாய். முதலாம் தவணைக்குள்ளேயே அந்த மூவரும் உன் கண்ணில் பட்டது எனக்குப் பெரிய சந்தோசம். பல இடங்களில் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போதுதான் இப்படியான பிள்ளைகளைக் காண்கிறார்கள். அப்போதும் பாடசாலையின் பெறுபேற்றைக் குறைப்பவர்களாகவே காண்கிறார்கள்.

'மொக்கு' என்ற சொல் உன் வகுப்புக்குள் வரவே கூடாது. நீ சொல்லமாட்டாய், எனக்குத் தெரியும். ஆனால் மற்றப் பிள்ளைகள் சொல்வார்கள், சில நேரம் பெற்ற தாயே சொல்வாள். அந்தச் சொல் விழுந்த இடத்தில் தேடல் நின்றுவிடும். அதன் பிறகு இந்தப் பிள்ளைக்கு ஏன் வரவில்லை என்று எவரும் கேட்பதில்லை.

தேடலைக் கண்ணிலும் காதிலும் தொடங்கு. கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும் பிள்ளையைக் கள்ளன் என்று நினைத்துவிடாதே. பலகை தெரியாமல் இருக்கலாம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதில் சீழ் வடிந்து செவிப்புலன் குறைந்திருக்கலாம். சில நாள் நன்றாகக் கேட்கும், சில நாள் கேட்காது. அதைத்தான் நாங்கள் கவனயீனம் என்று எழுதிவைக்கிறோம். அரைச்சுவர் வகுப்பறையில் பக்கத்து வகுப்பின் சத்தமும் நிலாவெளி வீதியின் சத்தமும் சேர்ந்தால், நல்ல காதுக்கே உன் குரல் பாதிதான் எட்டும். அப்படிப்பட்ட பிள்ளையை முன் வாங்குக்குக் கொண்டுவா. முகம் பார்த்துப் பேசு. சுகாதார வைத்திய அதிகாரியின் குழு பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது சந்தேகமுள்ள பெயர்களை எழுதிக் கையில் கொடு. தரம் 2க்கு அந்த வருடம் பரிசோதனை இல்லையென்றால், தாயைக் கண்டு கதைத்து, திருகோணமலை பொது வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகச் சொல். நோய்க்குப் பெயர் வைப்பது வைத்தியரின் வேலை. கண்டதைக் கண்டபடி சொல்வது உன் வேலை.

கண்ணும் காதும் சரியென்றால் எழுத்துக்கு வா. 'தோணி' என்று ஒரு சொல்லைச் சொல்லி எழுதவை. கடற்கரைப் பிள்ளைகளுக்குத் தெரியாத பொருளில்லை. ஒரு பிள்ளை 'தேணி' என்று எழுதும், இன்னொன்று 'தோனி' என்று எழுதும். சிவப்புப் பேனைக்கு இரண்டும் ஒரே பிழைதான். ஆனால் முதற்பிள்ளை இரட்டைக்கொம்பைப் போட்டு, தகரத்தை எழுதி, காலை மட்டும் விட்டிருக்கிறது. தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், அதன் ஒலியோ பின்னால் வரும். ஓகார ஓசைக்குக் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம். இடமிருந்து வலமாகவே ஒலியைச் சேர்த்துப் பழகும் பிள்ளை அங்கே தடுமாறுவதில் வியப்பில்லை. மற்றப் பிள்ளைக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதற்கு ணகரமும் னகரமும் காதில் பிரியவில்லை. முன்னதற்குக் கொம்பையும் காலையும் வேறு வேறு நிறத்தில் எழுதிக் காட்ட வேண்டும். பின்னதற்கு நாக்கு எங்கே தொடுகிறதென்று உன் வாயைப் பார்க்கவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இருவரையும் ஒரே சொல்லை ஐம்பது தரம் எழுதவைத்தால் பிழைதான் ஊறும்.

மணலில் விரலால் எழுதவை. வாயால் சொல்லிக்கொண்டே எழுதவேண்டும். எங்கள் திண்ணைப் பள்ளிகளில் இருந்த வழக்கம்தான் இது. மரியா மொன்டிசோரி உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைத் தடவவைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். இன்று எங்கள் ஊர்களில் பாலர் பாடசாலைக்கே மொன்டிசோரி என்று பெயர். அந்த அம்மையார் தம் வேலையைத் தொடங்கியது, ரோம் நகரில் புத்தி குறைந்தவர்கள் என்று ஒதுக்கிவைத்த பிள்ளைகளிடம். அவர்களிடம் பலித்த முறையைத்தான் 1907இல் சான் லொரென்சோவின் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோனார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். கடைசி வாங்குக்கென்று யோசிக்கும் முறை முழு வகுப்புக்கும் பயன்படும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

விசேட கல்வி அலகுக்கு அனுப்பிவிடச் சொல்லி உன்னிடம் சிலர் சொல்வார்கள். அவசரப்படாதே. அந்த அலகு தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அங்கே அருமையாக உழைக்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். கைதடி நவீல்ட் பாடசாலை போன்றவை செவிப்புலன், விழிப்புலன் இழந்த எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாழ்வு கொடுத்தன. ஆனால் வாசிப்பு பிந்துவது ஒன்றே ஒரு பிள்ளையை வகுப்பைவிட்டு எடுக்கப் போதுமான காரணமல்ல என்பது என் முடிவு. சட்டமும் பிள்ளையின் பக்கம்தான். வலதுகுறைவைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கட்டாயக் கல்வி வயதும் 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. ஆனால் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு கடைசி வாங்கில் சும்மா இருத்திவைத்தால் அது கல்வியாகாது.

வீட்டையும் விசாரி. தாய் மத்திய கிழக்கில், தகப்பன் கடலில், பிள்ளை அம்மம்மாவோடு என்றால், வரவுப் பதிவேட்டில் விழும் வெற்றிடங்களுக்குக் காரணம் விளங்கும். அப்படியான பிள்ளைக்குத் தவறிப்போன பாடம்தான் குறை, மூளை அல்ல. அம்மம்மாவைக் கூப்பிட்டால் குறையோடு பேச்சைத் தொடங்காதே. பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றை முதலில் சொல்.

முப்பதுக்கு மேல் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் நடக்குமா என்று கேட்பாய். எல்லாம் ஒரே நாளில் நடக்காது. மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் பத்து நிமிடம் அந்த மூவருக்கும் ஒதுக்கு, அதைத் தினமும் செய். எந்த எழுத்தில் யார் தடக்குகிறார் என்று ஒரு கொப்பியில் குறித்துவை. தரம் 3க்குப் போகும்போது அந்தக் கொப்பியை அடுத்த ஆசிரியரின் கையில் கொடு, மகள். இல்லாவிட்டால் அவர் முதலிலிருந்து தேடவேண்டிவரும், பிள்ளைக்கு இன்னொரு வருடம் போய்விடும்.

அன்புடன்,
பெரியம்மா