கடாரம் கற்பிக்கும் பாடம்



பள்ளியில் வரலாற்றுப் பாடம் நடத்திய நாள்களில், அகழாய்வு என்ற சொல் வந்தவுடன் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, தோண்டினால் தங்கம் கிடைக்குமா?" என்பார்கள். "தங்கத்தைவிடப் பெரியது கிடைக்கும்" என்று நான் பதில் சொல்வேன். அது என்ன என்பதை, நம் நாட்டிலேயே உள்ள ஓர் இடத்தைக் கொண்டு விளக்க முயல்கிறேன். ஆலயத் திருப்பணிகளில் ஈடுபட்டிருக்கும் நம் போன்றோருக்கும் அதில் ஒரு பாடம் உண்டு.

ஏடும் மண்ணும்

எழுத்துச் சான்றுகள் உள்ள ஒரு காலத்தை, அச்சான்றுகளோடு மண்ணில் கிடைக்கும் பொருள்களையும் ஒப்பிட்டு ஆராய்வது வரலாற்றுக்காலத் தொல்லியல் ஆகும். இதற்குக் கெடா மாநிலம் நல்ல எடுத்துக்காட்டு. வடமொழியில் கடாகம் என்றும் தமிழில் கடாரம் என்றும் வழங்கிய நாடு இது. பட்டினப்பாலையில் வரும் காழகம் என்பதற்குக் கடாரம் என்றே நச்சினார்க்கினியர் பொருள் கூறினார். 7ஆம் நூற்றாண்டில் கடல்வழி இந்தியாவுக்குச் சென்ற சீனத் துறவி இ-சிங் இங்குத் தங்கிச் சென்றார். கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்தான். அவன் மகன் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டில் கடாரத்தின்மீது படையெடுத்த செய்தியைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது.

இவை ஏடும் கல்லும் செப்பேடும் சொல்வன. ஆனால் அந்நாட்டு மக்கள் எப்படி வாழ்ந்தனர் என்பதை இவை சொல்லவில்லை. அதை மண் சொல்கிறது.

ஜெராய் மலை அடிவாரம்

ஜெராய் மலைக்கும் மூடா ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதியே பூஜாங் பள்ளத்தாக்கு. கேப்டன் ஜேம்ஸ் லோ என்ற ஆங்கில அதிகாரி 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்துச் சிதைவுகளைப் பற்றி எழுதினார். 1834இல் செபராங் பிறையில் அவர் கண்டெடுத்த கல், புத்தகுப்தன் என்ற மாலுமித் தலைவன் தன் பயணம் வெற்றிபெற வேண்டிப் பொறித்தது. அதன் காலம் 5ஆம் நூற்றாண்டு என்பர். 1936, 1937ஆம் ஆண்டுகளில் குவாரிச் வேல்ஸ் என்ற அறிஞர் தம் துணைவியாருடன் இங்கு அகழ்ந்து, தாம் கண்ட இடங்களுக்கு வரிசை எண் இட்டார். அந்த எண்கள் இன்றும் வழக்கில் உள்ளன.

பெங்காலான் பூஜாங்கில் சீனப் பீங்கான் ஓடுகளும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும், மணிகளும் கிடைத்தன. சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும் படகுத்துறையின் எச்சங்களும் வெளிப்பட்டன. கல்வெட்டு ஒரு படையெடுப்பைப் பேசுகிறது. மண்ணோ, பல நூற்றாண்டுகள் நடந்த உழைப்பையும் வாணிகத்தையும் பேசுகிறது. பல நாட்டார் வந்து, காற்று திரும்பும்வரை காத்திருந்த துறைமுகம் இது. பௌத்தமும் சைவமும் இங்கு அருகருகே இருந்தன. எனவே, "எல்லாம் சோழன் கட்டியது" என்று நாம் மேடையில் முழங்குவது சரியாகாது. நமக்கு உரிய பங்கு உண்டு. இந்நாட்டு மண்ணின் மக்களுக்கும் பிறர்க்கும் உரிய பங்கும் உண்டு.

அடித்தளத்தில் இருந்த பேழை

புக்கிட் பத்து பகாட் சண்டி என்னும் சிவாலயத்தை அலெஸ்டர் லேம்ப் என்ற அறிஞர் 1958 முதல் 1960 வரை ஆராய்ந்து சீரமைத்தார். விமானமும் மண்டபமும் கொண்ட அமைப்பு அது. தூண்கள் மரத்தால் ஆனவை. அவை மட்கிப் போக, அவற்றைத் தாங்கிய கருங்கல் பீடங்கள் நிலைத்திருந்தன. கட்டடத்தின் அடியில், சிறு சிறு குழிகள் குடைந்த கருங்கல் பேழைகள் கிடைத்தன. அவற்றுள் பொற்தகடுகள், மணிகள் போன்றவை வைக்கப்பட்டிருந்தன. இன்றும் கோயில் கட்டும்போது நாம் செய்யும் கர்ப்பநியாசத்தை இது நினைவூட்டவில்லையா?

ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்பேழையை யாரேனும் தோண்டி எடுத்துச் சந்தையில் விற்றிருந்தால், அது வெறும் கல்பெட்டி. இருந்த இடத்திலேயே கண்டெடுத்து, அளந்து, வரைந்து வைத்ததால்தான் அது ஒரு வழிபாட்டு முறைக்குச் சான்றாயிற்று. மாணவர்களிடம் நான் சொன்ன 'தங்கத்தைவிடப் பெரியது' இதுதான். ஒரு பொருளின் மதிப்பில் பாதி, அது கிடந்த இடத்தில் இருக்கிறது.

இழந்ததும் கிடைத்ததும்

2013ஆம் ஆண்டு இறுதியில் வேதனையான செய்தி வந்தது. சுங்கை பத்துப் பகுதியில், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது எனக் கருதப்பட்ட 11ஆம் எண் சண்டி, வீடமைப்புக்காக நிலத்தைச் சீர்ப்படுத்தியபோது இயந்திரங்களால் இடிக்கப்பட்டது. அது தனியார் நிலம். பாதுகாக்கப்பட்ட இடமாக அரசிதழில் பதிவு பெறவில்லை. நூல்களில் எண் இருந்தது. நிலத்தில் காவல் இல்லை. செங்கல்லை மீண்டும் அடுக்கலாம். கலைந்த மண்ணடுக்கை யாராலும் அடுக்க முடியாது.

ஆறுதலான செய்தியும் உண்டு. ஜெராய் மலைக்கு வடக்கே புக்கிட் சோராஸில், 2023 முதல் நடந்த அகழாய்வில் ஒரு பௌத்தத் தூபியின் பகுதிகளும், சுதைச் சிற்பங்களும், பல்லவ எழுத்துப் பொறிப்பும் வெளிப்பட்டன. அவ்விடத்தைப் பற்றி முன்பே தெரிந்திருந்தும், மண் கலையாமல் இருந்ததால் இவை கிட்டின.

நம் கடமை

பல ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த ஒரு திருப்பணிக் குழு, பழைய சுவரிலிருந்த நன்கொடையாளர் பெயர்க்கல்லை உடைத்துத் தரைக்கு அடியில் நிரப்பியது. தோட்டத்துத் தொழிலாளர்கள் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்ததற்கு அது ஒன்றே சான்று. கும்பாபிஷேகத்தன்று ஒரு மூதாட்டி வந்து, "எங்க அப்பா பேர் இருந்த கல்லு எங்கேங்க ஐயா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உடைத்தபோது வாய் திறவாதவர்களில் நானும் ஒருவன். 11ஆம் எண் சண்டியின் செய்தியைப் படித்த அன்று அந்த அம்மாளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

ஆகவே திருப்பணி தொடங்குமுன் நாம் செய்யத்தக்கவை:

1. கட்டடத்தை நாற்புறமும் புகைப்படம் எடுத்து, அளவுகளைக் குறித்தல்.
2. கல்வெட்டு, மணி, குத்துவிளக்கு ஆகியவற்றிலுள்ள பெயரையும் ஆண்டையும் அவை இருந்த இடத்தோடு எழுதி வைத்தல்.
3. பழைய கணக்கேடுகள், கூட்டக் குறிப்புகள், அழைப்பிதழ்களைக் கரையானிடமிருந்து காத்தல்.
4. மண்ணில் பழம்பொருள் தென்பட்டால் வேலையை நிறுத்தி, அருங்காட்சியகத்துக்கு அறிவித்தல்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக்கிலுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1980இல் திறக்கப்பட்ட அவ்விடத்தில் புக்கிட் பத்து பகாட் சண்டியையும், வேறு இடங்களிலிருந்து பெயர்த்து வந்து அமைத்த சண்டிகளையும் காணலாம். கருங்கல் பீடத்தின்மேல் இல்லாத மரத்தூணைக் கற்பனை செய்து பார்க்கச் சொல்லுங்கள். பின்னர் ஊர் திரும்பி, நம் கோயிலில் பழைய பெயர்க்கல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அது இன்னும் இருந்தால், நாம் பாக்கியசாலிகள்.