லேபிளின் பின்பக்கம்: வித்துராவில் பணியேற்கும் இளம் செவிலியருக்கு



உடலுறவின்போது உண்டாகும் வறட்சியும் வலியும், பெண்கள் வேறு நோய்களைப் பற்றியெல்லாம் பேசி முடித்து, எழுந்து போகும் வேளையில் தயங்கிச் சொல்லும் குறைகளாகவே பெரும்பாலும் இருக்கின்றன. மாதவிடாய் நின்ற பின்னும் தாய்ப்பால் கொடுக்கும் மாதங்களிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் யோனிச் சுவர் மெலிந்து ஈரம் குன்றுகிறது. ஒவ்வாமைக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகளும் வறட்சியைக் கூட்டக்கூடும். 1981இல் திருவனந்தபுரத்தில் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் போன்ற மருத்துவமனைகளில் இடுப்புப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்று ஊர் திரும்பும் பெண்களுக்கு, வறட்சியோடு யோனிப் பாதை குறுகும் இடரும் உண்டு. இத்தகையோருக்கு எளிதில் கைகொடுப்பது நீர் அடிப்படையிலான லூப்ரிகன்ட் ஜெல், அதாவது நீரைப் பெரும்பங்காகக் கொண்டு, செல்லுலோஸ் வகைத் தடிப்பாக்கியால் வழவழப்பூட்டப்பட்டு, உராய்வைக் குறைக்கும் பொருளாகும். ‘ஆர்கானிக்’ என்ற அடைமொழியுடன் இத்தகைய ஜெல்கள் பல விற்பனைக்கு வந்துவிட்ட நிலையில், எதை வாங்குவது என்ற கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு செவிலியரையே வந்தடைகிறது.

நீர் அடிப்படை எதற்கு என்பதை ரப்பர் தோட்டங்கள் நிறைந்த வித்துரா வட்டாரத்தில் விளக்குவது கடினமன்று. பால்வெட்டும் தொழிலாளர் மரத்திலிருந்து எடுக்கும் அதே ரப்பர் பாலிலிருந்துதான் பெரும்பாலான ஆணுறைகள் உருவாகின்றன. 1966இல் ஹிந்துஸ்தான் லேடெக்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, இன்று ஹெச்.எல்.எல். லைஃப்கேர் எனப்படும் பொதுத்துறை நிறுவனம், ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1969இல் ஆணுறை உற்பத்தியைத் தொடங்கிய பேரூர்க்கடை ஆலையும் இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான் உள்ளது. ரப்பர் எண்ணெயை உறிஞ்சி உப்பி வலுவிழக்கும் இயல்புடையது என்பதால், வீட்டில் எப்போதும் இருக்கும் தேங்காய் எண்ணெயோ குழந்தைக்குப் பூசும் எண்ணெயோ ஆணுறையோடு சேரலாகாது; 1989இல் வெளியான ஓர் ஆய்வில், கனிம எண்ணெய் பட்ட ஆணுறைகள் 60 வினாடிகளுக்குள் தம் வலிமையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை இழந்தன. ஆணுறை பயன்படுத்தாத தம்பதியருக்கு இந்தத் தடை பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான ஆலோசனையாகும்.

‘ஆர்கானிக்’ முத்திரை முதன்மையாக உறுதியளிப்பது, மூலப்பொருளான செடி செயற்கை ரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் இன்றி வளர்க்கப்பட்டது என்பதையே. இந்தியாவில் 2001இல் தொடங்கப்பட்ட தேசிய அங்கக உற்பத்தித் திட்டம் வேளாண் விளைபொருளுக்கானது. ஜைவிக் பாரத் முத்திரை உணவுப் பொருளுக்கானது. ஐரோப்பாவில் உருவான காஸ்மோஸ் தரநிலை அழகுப் பொருள்களுக்கானது. ஜெல்லின் பெரும்பகுதியான நீர் எந்த வயலிலும் விளைவதன்று என்பதால், முத்திரை பேசுவது கற்றாழைச் சாறு போன்ற எஞ்சிய சிறுபங்கைப் பற்றியே. அந்தச் சிறுபங்கு தூய்மையாக விளைந்திருப்பது நல்லதே எனினும், முடிவில் உருவான கலவை மென்மையான உட்சவ்வுக்கு ஏற்றதா என்பதை அது சொல்வதில்லை. செடியிலிருந்து வடித்த நறுமண எண்ணெய்கள், எவ்வளவு தூய்மையானவையாயினும், எரிச்சலையும் ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடும். செடிப்பொருளாயினும் சோதித்த பின்னரே ஏற்க வேண்டும் என்பதற்கு, மூலிகை அறிவில் பெயர்பெற்ற, வித்துராவைச் சூழ்ந்த மலைப்பகுதியே சான்று தருகிறது: அகத்திய மலையின் காணிக்காரப் பழங்குடியினர் 1987இல் அறிவியலாளருக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் செடி, பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்ட ஆய்வு நிறுவனத்தில் சோதிக்கப்பட்ட பின்னரே ‘ஜீவனி’ என்ற மருந்தாக 1995இல் உற்பத்திக்கு உரிமம் பெற்றது.

ஆகவே கவனிக்க வேண்டியவை இரண்டு அளவுகள். முதலாவது பி.எச், அதாவது அமிலத்தன்மையின் குறியீடு. கருவுறும் வயதுப் பெண்ணின் யோனி, லாக்டோபேசில்லஸ் என்னும் நன்மை தரும் நுண்ணுயிர்களின் துணையால் 3.8 முதல் 4.5 வரையிலான அமில நிலையைக் காத்துத் தொற்றுகளைத் தடுக்கிறது என்பதால், ஜெல்லின் பி.எச் 4.5க்கு அருகில் இருப்பது விரும்பத்தக்கது. குதவழிப் பயன்பாட்டுக்கோ 5.5 முதல் 7 வரை பொருந்தும். இரண்டாவது ஆஸ்மோலாலிட்டி, அதாவது ஒரு கிலோ நீரில் கரைந்துள்ள துகள்களின் செறிவு. உப்பிட்ட மாங்காய்த் துண்டு தன் நீரை விட்டுச் சுருங்குவதுபோல, செறிவு மிகுந்த ஜெல் பட்ட உயிரணுக்களும் நீரை இழந்து, சவ்வின் மேலடுக்கு உரிந்து, கிருமிகளுக்கு வழிவிடுகின்றன. இரத்தத்தின் செறிவு 290 மில்லி ஆஸ்மோல் அளவில் இருக்க, ஜெல்லின் செறிவு 380க்கு மேற்படாதிருப்பதே உகந்தது என்றும், சந்தையின் நிலை கருதி 1200 வரை ஏற்கலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் பிற அமைப்புகளோடு சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பு வரையறுத்தது. பத்து விழுக்காடு கிளிசரினே செறிவை ஏறத்தாழ 1200க்கு உயர்த்திவிடும். எனவே, செடியிலிருந்து பெற்ற கிளிசரின் என்று லேபிள் பெருமைப்பட்டாலும், பொருள்பட்டியலில் நீரை அடுத்து அதுவே நின்றால் எச்சரிக்கை தேவை.

பொருள்பட்டியலில் தவிர்க்க வேண்டியவை வேறு சில உள்ளன. விந்தணுக்கொல்லியான நோனாக்சினால்-9, எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று ஒருகாலத்தில் நம்பப்பட்டது. ஆனால் அடிக்கடி பயன்படுத்திய பெண்களிடம் அது தொற்றின் இடரைக் கூட்டியதாக 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி லாக்டோபேசில்லஸையும் சேர்த்தே அழிக்க வல்லது. நறுமணம், சுவை, சூடேற்றும் உணர்வு ஆகியவற்றுக்காகச் சேர்க்கப்படுபவை வறண்டு மெலிந்த சவ்வுக்கு ஏற்றவை அல்ல. ‘கெடாமல் காக்கும் பொருள் எதுவும் சேர்க்கப்படவில்லை’ என்ற அறிவிப்பையோ பாராட்டாகக் கொள்ளலாகாது. நீர் மிகுந்த ஜெல்லில் பூஞ்சையும் பாக்டீரியாவும் எளிதில் வளரும் என்பதால், சோடியம் பென்சோவேட் போன்ற காப்புப் பொருள் சிறிதளவு இருப்பதே பாதுகாப்பு. மருத்துவமனை அலமாரியில் இருக்கும் லிக்னோகெயின் ஜெல்லும் மாற்றாகாது; அது உணர்வை மரக்கச் செய்து, காயம் ஏற்படுவதையே மறைத்துவிடும்.

ஒரே ஜெல் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியருக்கு, அமில ஜெல் விந்தணுவின் இயக்கத்தைத் தளர்த்தும் என்பதால், பி.எச் 7ஐ ஒட்டியதாகவும் செறிவு குறைந்ததாகவும் உள்ள, கருத்தரிப்புக்கு உகந்ததெனச் சோதிக்கப்பட்ட வகையே தகும். கதிர்வீச்சுக்குப் பின் யோனி விரிப்பான் பயன்படுத்தும் பெண்ணுக்கு மணமற்ற, எளிய கலவையுடைய ஜெல் போதும். நீர் அடிப்படையிலானது சிலிக்கோன் கருவியைச் சிதைப்பதுமில்லை. நீர் ஆவியாகி ஜெல் விரைவில் உலர்ந்துவிடும்போது மேலும் ஜெல்லோ சில துளி நீரோ சேர்த்தால் வழவழப்பு மீளும் என்பதையும், முதன்முறை முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் தோன்றும் இரத்தக்கசிவு, உறவுக்குப் பின் வரும் இரத்தம், நீங்காத வலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவற்றுக்கு ஜெல் மருந்தாகாது. இக்குறிகள் உள்ள பெண்களை உடனே மருத்துவரிடம் அனுப்புவதே செவிலியரின் கடமை.

போனக்காடு, பொன்முடித் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வாழும் குடும்பங்களில் இத்தகைய குறையைத் தாயிடமோ கணவரிடமோ சொல்லத் துணியாத பெண்கள் உண்டு. அவர்களுக்குக் கதவடைத்த அறையும், அவரவர் தாய்மொழியிலான நேரிய சொற்களும், முகம் சுளிக்காத செவியும் முதலில் வேண்டும். விலை கூடிய ஆர்கானிக் புட்டியை வாங்க இயலாதவர் தம்மைக் குறைத்து எண்ணும் நிலையும் வரலாகாது. அளவுகளில் தேறிய எளிய ஜெல், அளவே குறிப்பிடாத ஆர்கானிக் ஜெல்லைவிட மேலானது. பி.எச் மதிப்பும் ஆஸ்மோலாலிட்டியும் லேபிளில் இல்லையெனில், அவற்றைத் தயாரிப்பாளரிடம் எழுதிக் கேட்டுப் பெற்று, விடை தராத பொருளைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும் வழக்கத்தை இளம் செவிலியர் பணியின் முதல் ஆண்டிலேயே மேற்கொள்வாராக.