குழலைப் புரட்டிப் பாருங்கள்

கேள்வி:

நான் ஜேர்மனியில் அல்கொய் பகுதியில், கெம்டன் நகரில் இருக்கிறேன். போன வருடம் வேட்டைப் பரீட்சை எழுதித் தேறினேன். கையில் .308 வின்செஸ்டர் தோட்டா போடும் போல்ட் துவக்கு ஒன்று இருக்கிறது. வரும் இலையுதிர்காலத்தில் மலைக்கு, காம்ஸ் என்ற மலையாட்டு வேட்டைக்கு அழைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து முதியவர் ஒருவர் தன்னுடைய கிப்லவுஃப் துவக்கை (குழல் மடியும் ஒற்றை வெடித் துவக்கு) விற்கப் பார்க்கிறார். 1930களில் ஸூல் நகரில் செய்தது. பக்கத்தகட்டில் கருவாலி இலையும் காம்ஸ் உருவமும் செதுக்கியிருக்கிறது. பார்த்தால் கண் எடுக்க முடியாது. தோட்டா 8×57 ஐஆர் என்கிறார். பழைய ஸ்கோப்பும் சேர்த்துத் தருவாராம். இதை வாங்கலாமா, அல்லது காசு சேர்த்துப் புதிய பிளேசர் கே95 வாங்கலாமா? ஒரு வெடிதானே இருக்கிறது, அது போதுமா?

பதில்:

தம்பி, செதுக்கியிருக்கும் காம்ஸைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்தெடுத்து, புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். இந்த வகைத் துவக்கின் சாதகம் முழுக்க அங்கேதான் எழுதியிருக்கும். கிரீடமும் அதன் கீழே பி, ஜி, யு எழுத்துகளும் இருந்தால், அது 1891ஆம் ஆண்டுச் சட்டப்படி பரிசோதித்த குழல். ஜி என்பது வரிப்பள்ளம் உள்ள குழல் என்பதற்கான அடையாளம். ஸூல் துவக்குகளில் பரிசோதித்த மாதமும் வருடமும்கூடப் பல இடங்களில் பொறித்திருக்கும். கழுகும் என் எழுத்தும் இருந்தால் 1939ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிந்தைய முத்திரை; அப்படியானால் அந்த 1930கள் கதையை முதியவரிடம் இன்னொருமுறை கேட்க வேண்டியிருக்கும்.

இப்போது தோட்டாவுக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்தியது இதுதான். 8×57 என்ற பெயரில் இரண்டு குடும்பங்கள் உண்டு. 1888இல் வந்த பழைய இராணுவத் தோட்டாவின் சன்னம் சுமார் 8.09 மில்லிமீட்டர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த எஸ் வகைச் சன்னம் 8.22 மில்லிமீட்டர். உங்களுக்கு விற்க வரும் ஐஆர் முதல் குடும்பம், ஐஆர்எஸ் இரண்டாவது. இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் தடித்த சன்னத்தை ஒடுங்கிய குழலுக்குள் தள்ளினால் உள்ளே அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். கடையில் ஐஆர்எஸ் பெட்டி எளிதில் கிடைக்கும், ஐஆர் பெட்டியைத் தேடித்தான் வாங்க வேண்டும். அவசரத்தில் கை எதை எடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போதாக்குறைக்குச் சில பெட்டிகளில் ஐ என்பதற்குப் பதில் ஜே என்று அச்சிட்டிருப்பார்கள். குழலின் அடியில் 7.8 போன்ற எண் இருந்தால் அதைச் சன்னத்தின் அளவென்று எண்ண வேண்டாம். அது வரிமேடுகளுக்கு இடையில் எடுத்த அளவு. முதியவர் சொல்வதையோ எழுத்தையோ மட்டும் நம்பாமல், துவக்குத் திருத்துபவர் ஒருவரிடம் கொடுத்துக் குழலின் உட்பக்கத்தை அளந்து வாங்குங்கள். பழைய குழல்களைப் பின்னாளில் அகலப்படுத்தியதும் உண்டு. அப்படிச் செய்திருந்தால் மறுபரிசோதனை முத்திரை இருக்க வேண்டும்.

இதே துவக்கு 6.5×57 ஆர் அல்லது 7×57 ஆர் தோட்டாவுக்குச் செய்ததாக இருந்திருந்தால், "பூட்டு நன்றாயிருந்தால் வாங்கிவிடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். காம்ஸுக்கு இந்த இரண்டும் தாராளம், உதையும் தாங்கக்கூடியது. 1917இல் பிரென்னெக்கே உருவாக்கிய 7×65 ஆர் இன்னும் தட்டையாகப் போகும், செம்மானுக்கும் ஆகும். 5.6×50 ஆர் மேக்னம் தோட்டாவுக்கான அழகான துவக்குகள் மலிவாக வரும், ஆசைப்பட வேண்டாம். கூட்டாட்சி வேட்டைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி ரே மானுக்கு 100 மீட்டரில் 1000 ஜூல் போதும், ஆனால் காம்ஸுக்கும் மற்றப் பெரிய விலங்குகளுக்கும் குறைந்தது 6.5 மில்லிமீட்டர் கலிபரும் 100 மீட்டரில் 2000 ஜூலும் வேண்டும். 9.3×74 ஆர் எதிர்முனை. இரண்டரைக் கிலோத் துவக்கில் அதைச் சுட்டால் அடுத்த வெடிக்கு உங்கள் தோளே சம்மதிக்காது. ஆர் என்பது தோட்டாவின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைக் குறிக்கிறது. குழல் மடியும் துவக்கில் வெற்றுத் தோட்டாவை இழுத்தெடுக்கும் பாகம் அந்த விளிம்பைத்தான் பிடிக்கிறது. விளிம்பில்லாத தோட்டாவுக்கும் இப்போது செய்கிறார்கள், கே95இலும் உண்டு. ஆனால் குளிரில், கையுறையோடு, நான் விளிம்புள்ளதையே விரும்புவேன்.

பூட்டைச் சோதிப்பது இப்படி: முன்கட்டை இல்லாமல் குழலைப் பொருத்தி மூடி, பிடியைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். சத்தமோ அசைவோ தெரிந்தால் பேச்சை நிறுத்திவிடலாம். பிறகு குழலின் பின்முகத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். கீழே கொக்கிகளும் மேலே கிரீனர் குறுக்குத் தாழ்ப்பாளும் இருந்தால் பலர் பரவசப்படுவார்கள். பர்மிங்ஹாமின் கிரீனர் செய்த நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது பொருந்தி உட்கார்ந்தால்தான் வேலை. பெயருக்குத் துளைத்து வைத்த தாழ்ப்பாள்களையும் பார்த்திருக்கிறேன். கே95இல் உள்ள சாயும் கட்டைப் பூட்டு வேறு வகை. வெடியின் அழுத்தத்தைக் கட்டையும் குழலும் தமக்குள்ளேயே தாங்கிக்கொள்வதால் சட்டத்தை இலேசான உலோகத்தில் செய்ய முடிகிறது.

இன்னொன்று. பழைய துவக்கு மூடினவுடனே தயாராகிவிடும் வகையாக இருக்கலாம், அத்துடன் ஸ்டெக்கர் விசையும் (முன்கூட்டியே வைத்துவிட்டு இலேசாகத் தொட்டுச் சுடும் விசை) இருக்கலாம். ஸ்டெக்கரை வைத்த பிறகு மூச்சுப்பட்டாலே வெடிக்கும் என்பார்கள். அது மிகைதான், ஆனால் கொஞ்சம்தான் மிகை. சுடாமல் அதை இறக்கும் முறையைத் தோட்டாவின்றிப் பழகாத வரையில் மலைக்குக் கொண்டுபோக வேண்டாம். புதிய துவக்குகளில் ஒரு பொத்தானைப் பெருவிரலால் தள்ளினால்தான் வில் ஏறும். தள்ளாதவரை ஆபத்து குறைவு. பாறையில் கால் சறுக்கும் இடத்தில் அந்தப் பொத்தானுக்காகவே நான் கூடுதல் காசு கொடுப்பேன். அதற்காக, தோட்டாவோடு பாறை ஏறலாம் என்று அர்த்தமில்லை. குழலை மடித்துத் தோட்டாவை எடுத்துவிடுங்கள். மடிந்திருக்கும் துவக்கு பாதுகாப்பாக இருப்பதைத் தூரத்தில் நிற்பவரும் காணலாம்.

ஸ்கோப்பைப் பற்றி ஒரு சொல். ஸூல் கொக்கிப் பொருத்தியில் இருக்கிறது என்றால், அந்தத் துவக்குக்கென்றே அராவிச் செய்தது அது. கண்ணாடி மங்கியிருந்து வேறு ஸ்கோப் போட வேண்டுமானால், பொருத்தும் கூலியே உங்கள் "மலிவான" விலையைக் குலைத்துவிடும்.

ஒரு வெடி போதுமா? பன்றியை விரட்டும் வேட்டைக்குப் போதாது. அதற்கு உங்கள் போல்ட் துவக்கைக் கொண்டுபோங்கள். காம்ஸுக்குப் போதும். இந்தத் துவக்குக்குப் போல்ட் ஓடும் நீளம் தேவையில்லை. அதனால் அதே நீளக் குழலோடு மொத்தத்தில் கட்டையாக இருக்கும். பிரித்து முதுகுப்பையிலும் வைக்கலாம். அதன் உண்மையான குறை வெடிகளின் எண்ணிக்கை இல்லை, மெல்லிய குழல். சூடேறினால் அடி இடம் மாறும். சுடுகளத்தில் ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழல் ஆறும்வரை காத்திருந்து, முதல் குளிர் வெடி எங்கே போகிறது என்பதையே குறித்து வாருங்கள். துவக்கை எப்போதும் முன்கட்டையில், ஒரே இடத்தில் தாங்குங்கள். குழலைப் பாறையில் சாய்த்தாலோ, குழலில் கட்டிய வாரை இழுத்தாலோ அடி தவறும். சுட்டவுடன் கண்ணை ஆட்டிலிருந்து எடுக்காமல் இரண்டாவது தோட்டாவை ஏற்றப் பழகுங்கள். இடது கை விரலிடுக்கில் ஒன்றை வைத்திருப்பவர்கள் உண்டு.

என் முடிவு: அளந்து பார்த்து, ஐஆர் என்று உறுதியானால் வாங்க வேண்டாம். இலையுதிர்காலத்துக்குள் வேண்டுமென்றால், 7×57 ஆர் தோட்டாவுக்கான, வில்லைக் கையால் ஏற்றும் பழைய கே95 அல்லது மெர்க்கல் ஒன்றைத் தேடுங்கள். ஃபெர்லாக் பக்கமும் விசாரியுங்கள். ஒஸ்ரியாவின் அந்தச் சிறு ஊரில் 1878 முதல் துவக்குத் தொழில் பள்ளியே இருக்கிறது. எல்லைக்கு அப்பால் வாங்குவதற்கு முன் உங்கள் ஆயுத அலுவலகத்தில் அனுமதி விபரம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜேர்மனிக்குள் வாங்கினால் ஆண்டு வேட்டை அனுமதிச்சீட்டே போதும். இரண்டு கிழமைக்குள் உங்கள் ஆயுத அட்டையில் பதியக் கொடுக்க வேண்டும். துவக்கை வைக்கப் பெட்டகம் புதிதாக வாங்குவதென்றால் 2017இல் வந்த விதிப்படி பூச்சியத் தரத்துக்குக் குறையாததாக வாங்குங்கள்.