சாயப்பட்டறைக்குப் போன துணி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுதியிருந்தால் அவசரத்தில் உன்னை ஏதாவது ஒரு பக்கம் தள்ளிவிட்டிருப்பேன். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டாய். சென்னையில் பெரிய கம்பெனியின் ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது, சேரும் தேதிதான் வரவில்லை. திருப்பூரில் பதினைந்து பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி கூப்பிடுகிறது, சம்பளம் குறைவு. அப்பாவுக்கோ நீ பேங்க் எக்ஸாம் எழுத வேண்டும். எதில் போனால் நிலைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய்.

2003இல் நானும் திருப்பூரில் அப்படியொரு சின்ன கம்பெனியில்தான் சேர்ந்தேன். கேம்பஸில் யாரும் எடுக்கவில்லை, வேறு வழியில்லை. முதல் வருஷம் பஸ்ஸில் அழுதுகொண்டே போவேன். அங்கே நடந்த ஒன்றை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

பனியன் கம்பெனிகளுக்கான சாஃப்ட்வேர் எழுதினோம். நூலை வாங்கி நிட்டிங்குக்கு அனுப்புவார்கள். துணியாக வந்ததைச் சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பேக்டிங்குக்கு, அப்புறம் கட்டிங், தையல். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் இடத்தில் நடக்கும் ஜாப் ஒர்க். நடுவில் எல்லோரையும் இணைப்பது டெலிவரி செலான் மட்டும்தான். போன எடையும் வந்த எடையும் சரியாக இருந்தால் பில் பாஸாகும், இல்லாவிட்டால் நிற்கும். அப்படித்தான் நான் எழுதினேன். ஆயிரம் கிலோ போனால் ஆயிரம் கிலோ வர வேண்டும், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எல்லா விதமாகவும் சோதித்துப் பார்த்தேன், எங்கேயும் பிழை இல்லை.

அதைப் போட்ட பனியன் கம்பெனியில் முதல் வாரமே சாயப்பட்டறைகளின் பில் மொத்தமும் நின்றுபோனது. அன்று சனிக்கிழமை. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். பட்டறைக்காரர் ஒருவர் சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். அவருடைய ஆட்களுக்குக் கொடுக்கக் கையில் பணமில்லை. அவர் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கம்பெனியில் துணிக் கணக்குப் பார்த்த பெரியவர் என்னை உள்ளே கூப்பிட்டு, சாயம் போடாத துணி ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். “பஞ்சுல மெழுகு இருக்குது கண்ணு. தூசி, மெஷின் எண்ணெய் வேற. ப்ளீச்சிங்ல அத்தனையும் போயிரும். எடை குறையாம வந்தாத்தான் நாம சந்தேகப்படோணும்” என்றார்.

பணத்தை அன்றிரவே கையால் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். ரகத்துக்கு ஒரு கழிவு விகிதம் என்று நான் மாற்றி எழுதி முடிக்கத் திங்கட்கிழமை ஆயிற்று. அதற்குப் பிறகு எந்த நிரலையும் அந்த வேலையைச் செய்கிறவர் பக்கத்தில் ஒரு நாளாவது உட்காராமல் நான் தொடங்கியதில்லை.

அன்று நான் எழுதியது விஷுவல் பேசிக் 6 மொழியில். 2008இல் மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. சாயப்பட்டறையில் துணி எடை குறைவது நிற்கவில்லை. பைத்தான் படிக்கவா, ஜாவா படிக்கவா என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். எதையாவது ஒன்றை ஆழமாகப் படி, இன்னொன்று ஆறு மாதத்தில் வந்துவிடும். எஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மொழியை மட்டும் விட்டுவிடாதே. ஐபிஎம்மில் 1974இல் பிறந்தது, இன்று காலையிலும் அதில்தான் வேலை பார்த்தேன். நீ உண்மையில் தேர்ந்தெடுக்கப்போவது யாருடைய தொழிலை உட்கார்ந்து கற்றுக்கொள்ளப்போகிறாய் என்பதைத்தான். துணியா, ஆஸ்பத்திரியா, வங்கியா? அதில் உனக்கு ஆசை இருக்கிறதா? உன் கடிதம் முழுக்கத் தேடினேன், அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பெரிய கம்பெனி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்விக்கடன் தவணை அம்மாவின் நகையை நெருங்கிவிட்டது என்றால் தேதி வந்ததும் போய்ச் சேர், அதில் ஒரு குறையும் இல்லை. நூறு பேர் சேர்ந்து ஒரே நிரலைக் கெடுக்காமல் எப்படி எழுதுவது என்பதை அங்கேதான் பார்ப்பாய். சப்போர்ட் புராஜெக்டில் போட்டால் முகம் சுளிக்காதே. ராத்திரி இரண்டு மணிக்கு எது உடைகிறது, ஏன் உடைகிறது என்று பார்க்கிறவனுக்குத்தான் அந்த அமைப்பு முழுசாகத் தெரியும். வேலை எதுவும் கொடுக்காமல் பெஞ்சில் மாதக்கணக்கில் உட்காரவைத்தால்தான் ஆபத்து. தேதி வரும்வரை வீட்டில் சும்மா காத்திருப்பதும் அதே பெஞ்சுதான்.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் எழுதிவிடும், நமக்கு என்ன மிஞ்சும் என்று பயப்படுகிறாய். பயம் நியாயமானது. புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் முன்பு கொடுத்த சின்னச் சின்ன வேலைகளை இப்போது அந்தக் கருவியிடமே கொடுக்கிறோம், உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் இதைக் கேள். 2014இல் ஒரு சம்பளப் பட்டியலில் கோமதி என்று தேடினால் ஒருத்தி வந்தாள், இன்னொருத்தி வரவில்லை, அவளுக்குச் சம்பளமும் போகவில்லை. திரையில் இரண்டு பெயரும் ஒரே மாதிரிதான் தெரிந்தன. யூனிகோடில் ஓகாரக் குறி ஒற்றைக் குறியாகவும் இருக்கலாம், ஏகாரக் கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. எழுத்துகளின் எண்ணை ஒவ்வொன்றாக அச்சடித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. சேமிக்கும் முன்பே எல்லாப் பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்படி மாற்றினோம். தீர்வைக் கேட்டால் இன்று கருவி அரை நிமிடத்தில் எழுதித் தரும். ஆனால் ஒருத்திக்குச் சம்பளம் போகவில்லை என்பதைக் கவனித்து, இது தற்செயல் இல்லை என்று பிடிவாதமாகத் தோண்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. கருவியை நன்றாகப் பழகிக்கொள். அது எழுதித் தருவதில் ஒரு வரிகூட உனக்குப் புரியாமல் வெளியே போக விடாதே.

அப்பாவிடம் சண்டை போடாதே. பேங்க் எக்ஸாம் எழுதத்தான் போகிறாய் என்றால் கிளார்க் தேர்வோடு நிறுத்தாமல் ஐபிபிஎஸ் நடத்தும் ஸ்பெஷலிஸ்ட் ஆபீசர் தேர்வையும் பார். அதில் ஐடி ஆபீசர் பதவி இருக்கிறது, உன் படிப்புக்கு உரியது. மேலே படிக்க ஆசை ஒரு ஓரத்தில் இருந்தால் கேட் தேர்வு எழுதிவை. மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும், அதற்குள் மனம் தெளிந்துவிடும்.

இன்னொன்று, இதில் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன். வேலைக்கு முன்பணம் கேட்கிற இடத்துக்குப் போகாதே. அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்கிற இடத்துக்கும் போகாதே. பாண்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எத்தனை மாதம், விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று படித்துப் பார். இரண்டு வருஷ அனுபவம் என்று பொய்ச் சான்று தயாரித்துத் தருகிறவர்கள் உன் நண்பர்கள் வழியாகவே வருவார்கள். அந்த வழியில் போன இரண்டு பேரை எனக்குத் தெரியும். பின்னணிச் சரிபார்ப்பு என்று மெயில் வரும்போதெல்லாம் அவர்களுக்கு இன்றைக்கும் தூக்கம் போய்விடுகிறது.

என் மனசு திருப்பூர்ப் பக்கம்தான் சாய்கிறது, உனக்கே தெரிந்திருக்கும். அதற்காக என் பேச்சை மட்டும் நம்பிப் போகாதே. வருகிற சனிக்கிழமை மத்தியானம் அந்த ஆபீசுக்குப் போ. அன்றுதான் அவர்களுடைய வாடிக்கையாளர்கள் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருப்பார்கள். யார் எடுக்கிறார்கள், எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று பார். “நான் எழுதுகிற நிரலை யார் படித்துத் திருத்துவார்கள்?” என்று கேள். ஒருவரைக் கைகாட்டினால் அவரோடு ஒரு டீ குடித்துப் பேசிவிட்டு வா. யாரும் இல்லை என்றால் அதையும் அப்படியே எனக்கு எழுது, அப்போது வேறு யோசிப்போம்.

சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு போகாதே, ஜெராக்ஸ் போதும். அசல் அம்மாவின் பீரோவிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா